தமிழ் தெரியுமா என்று கேட்கப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவின் சேன் போல் நகரைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு தொடங்கி வருத்தத்தோடு படித்து முடித்தேன். கட்டுரையாளருக்கு அந்த ஊரில் இரண்டு குறைகள் தென்பட்டிருக்கின்றன. கடற்கரை இருந்தும் குளிக்க முடியவில்லை என்பது ஒன்று. தமிழ்ப் பெயர் தாங்கியவர்கள் இருந்தும் தமிழில் பேச ஆளில்லை என்பது மற்றொன்று. முதற்குறை விவரம் தெரியாததால் வந்தது, எளிதில் தீர்ந்துவிடும். இரண்டாவதோ நம்மவர் பலரும் அயல்நாட்டுக்கு மூட்டை கட்டும்போதே உடன் எடுத்துச் செல்லும் மனப்போக்கு. அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

கடலை முதலில் முடித்துவிடுகிறேன். சேன் போல் விரிகுடாவின் மணல் கறுப்பு. எரிமலைப் பாறை ஆறுகளில் உருண்டு தேய்ந்து கடலை அடைந்து கரையேறிய மணல் அது. பவளத்திட்டின் காவல் இல்லாத அந்தக் கரையில் சுறாக்களின் நடமாட்டம் உண்டு. 2011 முதல் தீவின் மேற்குக் கரையில் அடுத்தடுத்து உயிர்ப்பலிகள் நேர்ந்ததால், பவளக் காயலுக்குள்ளும் கண்காணிப்பு உள்ள இடங்களிலும் தவிர வேறெங்கும் கடலில் குளிப்பதையும் அலைச்சறுக்கு விளையாடுவதையும் 2013இல் அரசு நிர்வாகம் தடை செய்தது. குளிக்க விரும்புகிறவர் அதே நகராட்சிக்கு உட்பட்ட எர்மிதாஜ், சலீன் கரைகளுக்குத் தெற்கு நோக்கிச் சென்றால் போதும். அங்கே பவளத்திட்டு அலைகளை வெளியிலேயே நிறுத்திவிடுவதால் காயல் ஆழமின்றி அமைதியாக இருக்கிறது, மணலும் வெள்ளை. 2007இல் அந்தப் பகுதி தேசியக் கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளத்தின் மேல் கால் வைக்காமல் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஊருக்கு வருகிறேன். தென்கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று தீவின் கிழக்குக் கரையை ஓயாமல் அறைந்துகொண்டிருக்க, நடுவே 3,000 மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கும் மலை மேற்குக் கரைக்கு மறைவு தருகிறது. பாய்மரக் கப்பல்கள் சேன் போலை நாடி வந்ததற்கு அதுவே காரணம். நிலையான மக்கள் குடியிருப்பு இல்லாதிருந்த அந்தத் தீவில் 1663இல் தங்கி வாழ வந்து இறங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும், மடகாஸ்கரிலிருந்து வந்த பத்துப் பேரும். அந்தப் பத்துப் பேரில் மூவர் பெண்கள். 1670களின் இறுதியில் கோவா முதலான போர்த்துகீசிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து இந்தியக் கலப்புடைய பெண்கள் சிலர் குடியேறிகளுக்கு மனைவியராகக் கொண்டுவரப்பட்டனர். ஆகவே அந்தத் தீவின் மிகப் பழைய குடும்பங்களில், தம்மை வெள்ளையர் என்று கருதிக்கொள்ளும் குடும்பங்கள் உட்பட, மடகாஸ்கர் பாட்டிகளும் இந்தியப் பாட்டிகளும் இருக்கிறார்கள். கிரியோல் சமூகம் என்பது அங்கே பிற்காலத்தில் தோன்றிய கலப்பு அன்று. முதல் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. நம் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் போய்ச் சேர்ந்ததோ அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு. கட்டுரையாளர் இந்த வரிசையை அறிந்திருந்தால், ஊரின் முதல் சொந்தக்காரர் தமிழரே என்ற தொனியில் எழுதியிருக்க மாட்டார்.

தீவின் தலைமை இடமாக முதலில் இருந்ததும் சேன் போலே. 1738இல் ஆளுநர் லா பூர்தொனே அதைச் சேன் தெனிக்கு மாற்றினார். (1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் இவரே, நம் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் வந்து மறைகிறவருக்கு அந்தத் தீவில் முழு வரலாறு இருக்கிறது.) தலைமை பறிபோனதாலோ என்னவோ, சேன் போல் இன்றும் அலுவலகக் கெடுபிடி குறைந்த ஊராகவே தோன்றுகிறது. ஆனால் மக்கள்தொகையில் தீவின் இரண்டாவது நகராட்சி அதுவே. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை காலையும் பழைய பீரங்கிகள் வரிசையாக நிற்கும் கடற்கரை ஓரத்தில் சந்தை கூடுகிறது. தாழை ஓலைப் பைகள், சிறிய இன அன்னாசி, வனிலா, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, ஊசிமிளகாய் எல்லாம் அங்கே கிடைக்கும். விலைகள் யூரோவில் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வனிலாவை வாங்குகிறவர், அதன் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையை 1841இல் கண்டறிந்தவர் அதே தீவில் அடிமையாக இருந்த எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவர் என்பதையும், அவர் வறுமையிலேயே இறந்தார் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்கலாம்.

சந்தைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தைக் கட்டுரை இரண்டே வரிகளில் கடந்துவிட்டது. அதிலும் ஒரு வரி கடற்கொள்ளையன் ஒலிவியே லெவாசரின் கல்லறையைப் பற்றியது. லா பூஸ் என்று பெயர் பெற்ற அவன் 1730இல் சேன் போலில் தூக்கிலிடப்பட்டது உண்மை. ஆனால் அந்தத் தோட்டமே அவன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் உருவானது, ஆகவே அவன் அங்கே புதைக்கப்பட்டான் என்பது கதை. கதையானாலும் அவன் கல்லில் ரம் புட்டிகளும் சிகரெட்டுகளும் காணிக்கையாக வைக்கப்படுகின்றன, பயணிகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊரில் 1818இல் பிறந்த கவிஞர் லெகோந்த் து லீலின் உடல் 1977இல் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அவர் முன்னால் அவ்வளவு கூட்டம் இல்லை. கட்டுரையாளர் எழுதாமல் விட்டது வேறொன்று. 2007இல் கமேத் புயலின் பேரலைகள் தோட்டத்தை அடுத்த மணற்கரையை அரித்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அவை பெயரும் கல்லும் இன்றிப் புதைக்கப்பட்ட அடிமைகளின் எலும்புகள். தூக்கிலிடப்பட்ட கொள்ளையனுக்குப் பொய்யாகவேனும் ஒரு கல்லறை இருக்க, காபித் தோட்டத்திலும் கரும்புத் தோட்டத்திலும் உழைத்து மாண்டவர்களைச் சுவருக்கு வெளியே புயல்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. சேன் போலுக்குச் செல்லும் எவரும், அரை நாளே கையில் இருந்தாலும், அந்தச் சுவரின் இரு பக்கங்களையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பேன்.

அதே நகராட்சியின் மேட்டுப் பகுதியில் வில்லேல் அருங்காட்சியகம் இருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த தெபாசேன் குடும்பத்தின் மாளிகை அது. தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட நாள் 1848 டிசம்பர் 20. அன்று 60,000க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். இன்றும் டிசம்பர் 20 பொது விடுமுறை நாள், மலோயா இசையும் ஆட்டமுமாக ஊரே தெருவில் இருக்கும். ஒரு காலத்தில் அதிகாரிகளால் ஒடுக்கப்பட்ட அந்த இசை 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஊருக்கு மேலே, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், மாய்தோ மலைவிளிம்பிலிருந்து பார்த்தால் மஃபாத் பள்ளம் தெரியும். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. இன்றும் சாலை கிடையாது, நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும்.

அடிமைகள் விடுதலையான பிறகு தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. நம் கதை பெருமளவில் தொடங்குவது அங்கேதான். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். நடத்தப்பட்ட விதம் கொடுமையாக இருந்ததால் 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்திவிட்டது. அதற்குள் போனவர்கள், 1860க்கு முன் போனவர்களையும் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேல். சேன் தெனியிலிருந்து சேன் போலுக்குச் செல்லும் வழியில் 2022இல் திறக்கப்பட்ட, ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கடற்பாலத்தை வியந்து ஒரு பத்தி எழுதிய கட்டுரையாளர், அதே வழியில் உள்ள கிராந்த் ஷலூப் பள்ளத்தாக்கில் இறங்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கப்பலில் வந்த கூலிகள் தொற்றுநோய்க்கு அஞ்சி நாள்கணக்கில் அடைத்து வைக்கப்பட்ட கட்டடம் அங்கே சீரமைக்கப்பட்டு நிற்கிறது. காரைக்காலில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்கு, தீவில் நம்மவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுவாகவே படுகிறது.

அப்படிப் போனவர்கள் தமிழை மறந்துவிட்டார்கள் என்பது கட்டுரையின் முடிவு. மறக்காமல் இருக்க அவர்களுக்கு என்ன வாய்ப்பு இருந்தது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். எஜமானரின் மொழி பிரெஞ்சு, தோட்டத்தில் உடன் உழைத்தவரின் மொழி பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல், பிள்ளைகளின் பள்ளி பிரெஞ்சு. 1946இல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆக்கப்பட்ட பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தின் பிடி இன்னும் இறுகியது. பலர் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு, ஞாயிறு தேவாலயத்துக்கும் மற்ற நாளில் மாரியம்மன் கோயிலுக்கும் போனார்கள், இன்றும் போகிறவர்கள் உண்டு. மொழி போனாலும் பாஞ்சாலி அம்மனுக்குத் தீமிதி நிற்கவில்லை. மதுரைவீரனும் முனீஸ்வரனும் பேச்சியம்மனும் அங்கே இருக்கிறார்கள். தெருக்கூத்தின் வழிவந்த இரவு நாடகத்தில், பொருள் முழுதும் புரியாத நிலையிலும், தமிழ் வரிகள் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்திருக்கின்றன. தைப்பூசத்துக்குச் சேன் போல் தெருக்களிலும் காவடி வருகிறது. நம்முடைய கிராமத்துத் தெய்வங்களை இவ்வளவு பற்றோடு காத்தவர்களைப் பார்த்து, நகரத்தில் பிறந்து அந்தத் தெய்வங்களின் பெயர்களைக்கூட அறியாத நாம் மொழித்தேர்வு நடத்துவது எந்த விதத்தில் பொருந்தும்?

பலியிடுவதைப் பற்றிக் கட்டுரையாளர் முகம் சுளித்திருப்பதும் இதே வகை. கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகத்திலிருந்தும் மொரீசியசிலிருந்தும் குருக்கள் வரவழைக்கப்பட்டு ஆகம முறைக் கோயில்கள் அங்கே பெருகியிருக்கின்றன. கிடா வெட்டும் பழைய தோட்டக் கோயில்களும் தொடர்கின்றன. எது சரி என்ற விவாதம் மலபார் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்த மக்களுக்குள்ளேயே நடக்கிறது. அது அவர்களுடைய விவாதம். ஒரு வாரம் தங்கப் போன விருந்தினர் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரச் சிவப்பு மாடங்களில் புனித எக்ஸ்பெதித்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் மலபார்களும் இருக்கிறார்கள் என்பதைக் கண்டு திகைப்பதைவிட, ஏன் என்று அவர்களிடமே கேட்டிருந்தால் கட்டுரைக்கு நல்ல பகுதி ஒன்று கிடைத்திருக்கும். கேட்பதற்குச் சில சொற்கள் பிரெஞ்சோ கிரியோலோ தெரிந்திருக்க வேண்டும். அந்த உழைப்பை நாம் செய்யாமல், ஐந்து தலைமுறைக்கு முன் பிரிந்துபோனவரின் கொள்ளுப்பேரன் நமக்காகத் தமிழ் கற்று வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அங்கே சங்கங்களில் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன, விரும்பிக் கற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்து எழுதும் கட்டுரை ஒன்றைத் தங்கள் இதழ் வெளியிட்டால் மகிழ்வேன். ஆனால் அவர்களும் முதலில் ரீயூனியன்காரர்கள். பக்கத்து வீட்டுச் சீனரோடும் குஜராத்தி முஸ்லிமோடும் ஆப்பிரிக்க வழிவந்தவரோடும் கிரியோலில் பேசி, ஒரே கறியைச் சமைத்து உண்கிறவர்கள். சேன் போல் நகராட்சிக்கே 2014 முதல் 2020 வரை தலைவராக இருந்தவர் ஜோசஃப் சினிமாலே. அவர் தமிழர் என்பதற்காக அந்த ஊர் அவரைத் தேர்ந்தெடுத்ததாகவோ, தமிழ் பேசாததால் அவர் எதையோ இழந்ததாகவோ அங்கே யாரும் கருதவில்லை.

பயணம் செய்ய எண்ணும் வாசகர்களுக்காக ஒரு திருத்தத்தையும் சேர்க்கிறேன். ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று கட்டுரையில் உள்ளது தவறு. ரீயூனியன் பிரான்சைச் சேர்ந்ததாயினும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே உள்ளது. பிரான்சின் கடல்கடந்த மாவட்டத்துக்குச் செல்லத்தக்க விசாவைப் பொதுவாகத் தனியே கேட்டுப் பெற வேண்டும். பாரிசுக்கென வாங்கிய விசாவை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பவர் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படக்கூடும் என்பதால், இந்தத் திருத்தத்தை மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
காரைக்கால்.