‘பட்’ போட்ட இடம்

அன்புள்ள ராசா,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய வேலை விண்ணப்பக் கடிதத்தை முதலில் கண்ணாடி போடாமல் படித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கண்ணாடி போட்டுப் படித்தேன், சிவப்புப் பேனாவைத் தேட வேண்டியதாகிவிட்டது. போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பெல்லிங் பிழை ஒன்றுகூட இல்லை. அதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துவிடுகிறது போல. நீ இடறுவதெல்லாம் இணைப்புச் சொற்களில்தான். இரண்டு முழு வாக்கியங்களைச் சமமாக இணைக்கிறவை ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ என்று மொத்தமே ஏழு. இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று பிள்ளைகளுக்கு நினைவு வைக்கச் சொல்கிறார்கள். நான் வகுப்பெடுத்த காலத்தில் அப்படி ஒன்றும் சொல்லித்தரவில்லை. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றி எழுதும் கேள்விதான் எங்களுக்கு வேதம். ‘ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஹானஸ்ட்’ என்றால் காம்பவுண்ட், இரண்டு பக்கமும் சமம். ‘தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஹானஸ்ட்’ என்றால் காம்ப்ளெக்ஸ், ‘தோ’ பக்கம் தனியே நிற்காது. வருஷா வருஷம் வகுப்பில் பாதிப் பேர் ‘தோ’வையும் ‘பட்’டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு ஆள் பாளையங்கோட்டை போக இரண்டு டிக்கெட் எடுப்பாயா என்று கேட்பேன், சிரிப்பார்கள், மறுநாளும் அப்படியே எழுதுவார்கள். உன் மூன்றாவது பாராவில் ‘ஆல்தோ’ என்று ஆரம்பித்து நடுவில் ‘பட்’ வைத்திருக்கிறாய். டீச்சர் மகனுக்கும் இரண்டு டிக்கெட்.

அடுத்தது கமா. ஒரு இடத்தில் வேண்டாத கமா, இன்னொரு இடத்தில் வேண்டிய கமா இல்லை. இதை நான் ஆங்கில இலக்கணம் வைத்துச் சொல்லப்போவதில்லை. தமிழில் சொல்லிப் பார். ‘அறிக்கையை எழுதி அனுப்பினேன்’ என்றுதானே சொல்வாய்? எழுதியதும் நான், அனுப்பியதும் நான். முதல் வினை எச்சமாக நிற்கிறது, முற்று ஒன்றுதான். அப்படி வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘அண்ட்’ முன்னால் கமா வேண்டாம்: ‘ஐ ரோட் த ரிப்போர்ட் அண்ட் சென்ட் இட்’. ‘நான் அறிக்கையை எழுதினேன், மேனேஜர் அதை அனுப்பினார்’ என்றால் ஆள் மாறுகிறது, வினைமுற்றும் இரண்டு. அங்கே கமா போட்டுத்தான் ‘அண்ட்’ வரும். இரண்டு பக்கமும் தனியே நிற்கக்கூடிய முழு வாக்கியமா என்று பார், அவ்வளவுதான். ரொம்பச் சின்ன வாக்கியங்களாக இருந்தால் கமாவை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நீ விடாதே, பழகும் வரை.

‘ஹவ்எவர்’ இந்த ஏழு பேரில் ஒருவர் இல்லை என்பதையும் குறித்துக்கொள். ‘த டெஸ்ட் ஃபெயில்ட், ஹவ்எவர் வி ஃபிக்ஸ்ட் இட்’ என்று எழுதியிருக்கிறாய். கமாவும் ‘ஹவ்எவரு’ம் சேர்ந்தாலும் இரண்டு வாக்கியங்களைப் பிடித்து வைக்க முடியாது. முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ‘ஹவ்எவர்’ என்று புதிதாகத் தொடங்கு. இல்லையென்றால் ‘பட்’ போட்டுவிடு, அதுவே போதும்.

கமாவுக்கா இவ்வளவு எழுதுகிறாய் என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். அவருக்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வழக்கைச் சொன்னேன். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஓவர்டைம் கிடையாத வேலைகளை அந்த மாநிலச் சட்டம் வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடித்திருந்தது. ‘ஆர்’ முன்னால் கமா இல்லை. அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொட்டலம் கட்டுகிற ஒரே வேலையா, அல்லது விநியோகம் தனி வேலையா? ஓட்டுநர்கள் விநியோகிக்கிறவர்கள், பொட்டலம் கட்டுகிறவர்கள் இல்லை; விநியோகம் தனி வேலை என்றால்தான் அவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் தெளிவில்லை என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு வருஷம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அப்பா “ஒரு கமாவுக்கா!” என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார்.

‘அண்ட்’, ‘பட்’ வைத்து வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்று நான் உனக்குச் சொல்லியிருப்பேன். அதை மறந்துவிடு. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார், வசனத்துக்கு வசனம் ‘அண்ட்’தான் தொடங்கிவைக்கும். பிள்ளைகள் பாதி வாக்கியத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்களே என்ற பயத்தில் வாத்தியார்கள் போட்ட வேலி அது. ‘நார்’ பற்றி உனக்குப் பிரச்சினை இல்லை, அதை நீ பயன்படுத்துவதே இல்லை.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கடைசிப் பாரா பற்றி. அதில் இப்படி எழுதியிருக்கிறாய்: ‘ஐ வாஸ் லீடிங் எ டீம் ஆஃப் சிக்ஸ், பட் மை ஃபாதர் ஃபெல் இல், சோ ஐ வாஸ் அட் ஹோம் ஃபார் எய்ட் மந்த்ஸ்.’ இலக்கணப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. கமாகூட சரியான இடத்தில் இருக்கிறது. ஆனாலும் இதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ‘பட்’ வந்தால் முன்னால் சொன்ன நல்ல விஷயத்துக்குப் பின்னால் ஏதோ கெடுதல் வருகிறது என்று அர்த்தம். ‘சோ’ வந்தால் வேறு வழியில்லாமல் நடந்தது என்று அர்த்தம். ஆறு பேருக்குத் தலைமை தாங்கிய பையன், அப்பா குறுக்கே விழுந்ததால் வீட்டில் சும்மா இருந்தான் என்றுதான் முன்பின் தெரியாத ஒருவர் படிப்பார். நீ சும்மாவா இருந்தாய்? மாத்திரை நேரத்தை எல்லாம் காலண்டரில் எழுதி வைத்தாய். ராத்திரி அவர் இருமினால் எனக்கு முன்னால் நீதான் எழுந்தாய்.

இப்படி மாற்று: ‘ஐ லெட் எ டீம் ஆஃப் சிக்ஸ். மை ஃபாதர் ஃபெல் இல், அண்ட் ஐ வென்ட் ஹோம் டு லுக் ஆஃப்டர் ஹிம் ஃபார் எய்ட் மந்த்ஸ்.’ ‘அண்ட்’ ஒரு சாதுவான சொல். நடந்ததை நடந்தபடி பக்கத்தில் வைக்கும், மன்னிப்புக் கேட்காது. வேலை கொடுக்கிறவர்கள் அந்த எட்டு மாதத்தைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும், நீயும் அதே மாதிரி பதில் சொல்.

அப்பாவுக்கு இந்த இரண்டையும் தமிழில் சொல்லிக்காட்டினேன். முதல் வாக்கியத்துக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதைக் கேட்டுவிட்டு, “எட்டு மாசம் எங்கே? அவன் ஆடியில் வந்தான், மாசி கடைசியில் போனான். ஏழரைதான் வரும்” என்றார். அதையும் திருத்திவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா