புல்மனிலிருந்து அப்பாவுக்கு

புல்மன், வாஷிங்டன் மாநிலம்
நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை என்று நீங்கள் வருந்தியிருந்த கடிதம் கிடைத்தது. சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. குளிர் கடுமைதான், ஆனால் ஹீட்டரைக் குறைத்து வைத்தால்தான் எனக்கு நன்றாக உறக்கம் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அம்மாவின் மாங்காய் ஊறுகாயை ரொட்டியில் தடவித் தின்ற பக்கத்து வீட்டுக் கிழவர் இப்போது கால்பந்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார். இங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. இவ்வூர்ப் பல்கலைக்கழகம் இருக்கும் பேக்-12 என்னும் விளையாட்டுக் கூட்டமைப்பில் முன்பு பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் இருந்தன. ஒளிபரப்பு உரிமையை ஒன்றாக விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 2022இல் லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பல்கலைக்கழகங்களும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. அதே ஆண்டு பிக் டென் செய்துகொண்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல் என்கிறார்கள். அந்தப் பெருநகரம் கைவிட்டுப் போனபின் பேக்-12இன் ஆட்டங்களுக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் ஐந்து பேர் வெளியேறினர். அவர்களுள் சியாட்டில்காரர்கள் பாதிப் பங்குக்கே சம்மதித்துப் பிக் டென்னுக்குப் போனார்கள். பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்த கூத்தை என்னென்று சொல்வது! ஆட்டத்தைவிட, ஊரில் எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி ஓடுகிறது என்பதே கணக்கு. மற்றவர்களும் போய்விட, கோதுமை வயல்களுக்கு நடுவிலுள்ள புல்மனும் ஓரிகனின் கொர்வாலிஸும் மட்டும் மிஞ்சின.

ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மைதானத்து இரைச்சல் என் அறைவரை வரும்போது நம்மூர் மாரியம்மன் கோயில் கூட்டம்போலவே கேட்கிறது. அன்றைக்கு மட்டும் எனக்குச் சமைக்கத் தோன்றுவதில்லை.

நான்குவழிச் சாலை வந்தபின் சித்தப்பா ரோட்டோர நிலத்தைத் தனியே பிரித்துக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது கிழவர் பெருமையோடு சொன்னது நினைவுக்கு வந்தது: மிஞ்சிய இருவரும் பக்கத்து ஊரான கால்ஃபாக்ஸின் நீதிமன்றத்துக்குப் போய், பிறகு சமரசத்தில் கூட்டமைப்பின் நிர்வாகத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டார்கள், 2026இல் வேறு சிலரும் வந்து சேரவிருக்கிறார்கள். சித்தப்பாவோடு சண்டை வேண்டாம், அவர் போகட்டும். ஆனால் கிணற்றுப் பாத்தியத்தையும் வண்டிப் பாதையையும் பத்திரத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திரச் செலவுக்கு இம்மாதம் அனுப்புவது சற்றுக் குறைவாக இருக்கும். மீதியைத் தைக்குள் அனுப்பிவிடுகிறேன்.

தங்கள் அன்பு மகன்