மக் வாங்கும்போது மில்லி பாருங்க, குறிப்பு எழுதும்போதும் மில்லி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வீட்டுக்குறிப்பு பகுதியில "ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன் காபித்தூள்"னு போட்டிருந்தீங்க. அதை அப்படியே நம்பி நானும் ஒரு ஸ்பூன் போட்டேன், காபி தண்ணியா இருந்துச்சு, தூள்தான் மட்டம்னு நெனச்சு வேற தூள் வாங்கினேன், அதுவும் அப்படித்தான். கடைசியில ஒரு நாள் சந்தேகம் வந்து என் மக்கை கிச்சன் ஸ்கேல்ல வச்சு தண்ணி ஊத்திப் பாத்தேன். ஒரு மில்லி தண்ணி ஒரு கிராம்ங்கறதால வேற அளவு ஜாடி எதுவும் தேவையில்லை. நான் தினமும் ஊத்துற இடம் வரைக்கும் 330 மில்லி பிடிச்சுது! குறிப்புல இருந்த கப் அனேகமா 150 மில்லியா இருக்கும். ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். தூள் மேல ஒரு தப்பும் இல்ல.

கப்னு ஒரு வார்த்தைதான், ஆனா ஆளுக்கு ஒரு அளவு. அமெரிக்க சமையல் கணக்குல ஒரு கப் சுமார் 240 மில்லி, மெட்ரிக் கப் 250, காபி மெஷின் மேல "10 கப்"னு எழுதியிருந்தா அது பல மெஷின்ல 150 மில்லி கப்தான், சிலதுல அதைவிடவும் கம்மி. ஆனா ஆன்லைன்ல மக் தேடினா முதல்ல வர்றது 11 அவுன்ஸ், அதாவது சுமார் 325 மில்லி, அடுத்தது 15 அவுன்ஸ், கிட்டத்தட்ட 440 மில்லி. இதுவும் விளிம்பு வரைக்கும் தளும்ப ஊத்தினா வர்ற அளவு, யாரும் அப்படி ஊத்தி எடுத்துட்டு நடக்க மாட்டோம். உள்பக்கம் 8 செ.மீ. அகலம் இருக்குற மக்ல மேல ஒரு செ.மீ. விட்டாலே 50 மில்லி போயிடுது, ஒன்றரை செ.மீ. விட்டா 325 மில்லி மக் 250 மில்லி மக் ஆயிடும்.

சரி பெருசா இருந்தா என்ன, கம்மியா ஊத்திக்கலாமேன்னு பலர் சொல்றாங்க, நானும் அப்படி நெனச்சுதான் அம்மாவுக்கு அழகா இருக்குன்னு ஒரு பெரிய பீங்கான் மக் வாங்கிக் கொடுத்தேன். அம்மா குடிக்கிறது 150 மில்லி டீ, அதுவும் நிதானமா குடிப்பாங்க. தினமும் "என்னடி, அதுக்குள்ள ஆறிப்போச்சு"ன்னு ஒரே வருத்தம், நான் இன்னும் கொதிக்க கொதிக்க ஊத்திக் கொடுப்பேன், அப்பவும் அதே கதைதான். காரணம் மக்லதான் இருந்துச்சு. அந்த மக் காலியாவே 410 கிராம், அந்தக் குளிர்ந்த பீங்கான் சூடாகணும்னா அந்த சூட்டை எங்கேருந்து எடுக்கும்? ஊத்தின டீயிலேருந்துதான். கனமான மக்ல கொஞ்சமா ஊத்தினா ஆரம்பத்துலயே பத்து டிகிரிக்கு மேல இறங்கிடும். அது போக வாய் அகலமா இருந்தா மேல்பரப்பு பெருசு, ஆவியா போற சூடு அதிகம், அடியில டீயோ கொஞ்சம்தான். 150 மில்லியை 180 மில்லி கப்ல ஊத்தறதும் 400 மில்லி மக்ல ஊத்தறதும் ஒண்ணு இல்லவே இல்ல. ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வெந்நீர் ஊத்தி மக்கை சூடு பண்ணிக்கிட்டா நல்ல வித்தியாசம் தெரியும், மேல ஒரு மூடி போட்டா இன்னும் நல்லது, ஆனா வேலைக்கு ஓடுற காலை நேரத்துல யாருக்கு அதுக்கு பொறுமை இருக்கு.

சரின்னு பெரிய மக்ல நிறைய ஊத்தினா? அதுல வேற பிரச்சனை. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016ல, 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கிற பானங்கள் அனேகமா புற்றுநோய் வரவழைக்கக்கூடியதுன்னு பட்டியல்ல சேத்துச்சு, காபி டீ மேல தப்பு இல்ல, அந்த சூடுதான் உணவுக்குழாய்க்கு ஆகாது. அதனால கொஞ்சம் ஆறவிட்டுதான் குடிக்கணும், ஆனா ரொம்ப ஆறினா ருசியும் இல்ல. நடுவுல இருக்குற அந்த கொஞ்ச நேரத்துக்குள்ள நீங்க குடிச்சு முடிக்கிற அளவு எதுவோ அதுதான் உங்க மக் சைஸ். பத்து நிமிஷத்துல முடிக்கிறவங்களுக்கு 200 மில்லி சரியா இருக்கும். 400 மில்லி ஊத்திக்கிட்டா முதல் பாதி நாக்கை சுடும், கடைசி பாதி சப்புன்னு ஆயிடும், பாதி சிங்க்ல போகும். எங்க வீட்ல அப்படித்தான் போயிட்டு இருந்துச்சு.

டாக்டர் "ஒரு நாளைக்கு ரெண்டு கப் காபி போதும்"னு சொன்னாருன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு அவங்க கப்பை ஒரு தடவை அளந்து பாருங்க. வடிச்ச காபி 240 மில்லியில சுமார் 95 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், தூளைப் பொறுத்து கூடக்குறைய வரும், அதே காபி 350 மில்லி மக்னா 140 ஆகிடுது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைக்கும், கர்ப்பமா இருக்குறவங்களுக்கு 200 வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கு. அப்போ கர்ப்பிணி ஒருத்தங்க "ரெண்டு கப்தான் குடிக்கிறேன்"னு நம்பிக்கிட்டு 280 குடிச்சிருப்பாங்க. சர்க்கரையும் இப்படித்தான், கப் பெருசானா ஸ்பூன் தானா கூடும், நாம எண்ணுறது கப்பை மட்டும்தான்.

எடையை நான் மறந்தே போயிருந்தேன். 410 கிராம் மக்ல 330 மில்லி ஊத்தினா முக்கால் கிலோ, அதை ரெண்டு விரல் மட்டும் நுழையுற காதை, அதாவது கைப்பிடியைப் பிடிச்சு தூக்கணும். மூட்டு வலி இருக்குறவங்களுக்கு இது தினமும் மூணு தடவை வேதனை. அம்மா கையிலேருந்து ஒரு தடவை வழுக்கி மேஜையெல்லாம் கொட்டிடுச்சு, நல்லவேளை அவங்க மேல படல. 60 டிகிரி தண்ணி தோல்ல அஞ்சு செகண்ட் பட்டாலே ஆழமா வெந்துடும், அதனால வீட்ல குழந்தையோ வயசானவங்களோ இருந்தா காதுல நாலு விரல் நுழையுதான்னு பாத்துட்டு வாங்குங்க.

எல்லாருக்கும் சின்ன கப்தான்னு நான் சொல்லல. எஸ்பிரஸோங்கற கெட்டிக் காபி 30 மில்லிதான், அதுக்கு 60லேருந்து 90 மில்லி கப் போதும், நுரை பொங்குற காப்புச்சினோவுக்கு 150லேருந்து 180, தினசரி டீ காபிக்கு 200லேருந்து 250, டீ பேக் போடுறவங்க பேக்கெட்ல எத்தனை மில்லி தண்ணின்னு போட்டிருக்கோ அதுக்கு மேல கொஞ்சம் இடம் இருக்குற மாதிரி பாத்துக்கணும். சூப், ஹாட் சாக்லேட்டுக்கு 300க்கு மேல, ஸ்பூன் உள்ள நுழையுற அகல வாயா இருக்கணும். காலை பூரா மேஜையில வச்சு வெந்நீரோ லைட்டான டீயோ கொஞ்சம் கொஞ்சமா குடிக்கிறவங்களுக்கு மூடி போட்ட, சூடு ஆறாம வச்சிருக்குற பெரிய மக்தான் சரி.

கடையில தண்ணி ஊத்திப் பாக்க விட மாட்டாங்க, அதுக்கு நீளம் அளக்குற ஒரு ஸ்கேல் போதும். உள்பக்க அகலம் 7 செ.மீ.ன்னா ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் சுமார் 38 மில்லி, 8 செ.மீ.ன்னா 50. நேரா இருக்குற மக்குக்கு இந்தக் கணக்கு சரியா வரும், கீழ குறுகுற கப்னா கொஞ்சம் கம்மியா வச்சுக்கணும்.

ஆனா இந்தக் கணக்கையெல்லாம் வாங்குறவங்க தலையில ஏன் கட்டணும்? ஜெர்மனியில ஹோட்டல் பீர் கிளாஸ்ல கோடு போட்டு 0.3 லிட்டர், 0.5 லிட்டர்னு எழுதியிருக்கும், ஊத்துறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் குழப்பமே இல்ல. மக் செய்யுறவங்க அடியில விளிம்பு அளவையும் வழக்கமா ஊத்துற அளவையும் ரெண்டு நம்பரா போட்டா என்ன குறைஞ்சுடும்? அது அவங்க கையில இருக்கு. உங்க கையில இருக்குறது குறிப்புப் பகுதி. அடுத்த வாரத்துலேருந்து "ஒரு கப்" பக்கத்துல மில்லியும் போடச் சொல்லுங்க.

அம்மாவுக்கு இப்போ 180 மில்லி கப், காலியா 220 கிராம்தான், காதுல நாலு விரலும் நுழையுது. டீ முழுசா காலியாகுது.

இப்படிக்கு,
தினமும் உங்க பேப்பர் படிக்கிற வாசகி