சாவி கைமாறும் அந்தச் சில நாள்கள்: சுங்கை சிப்புட் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் சின்ன லோரி ஓட்டுகிறவன். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. மாதக் கடைசி வந்தால் எனக்கு வேலை அதிகம். அந்த நாள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு கஷ்டத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். பழைய வீட்டைக் காலி செய்ய ஒரு தேதி. புது வீட்டுச் சாவி கைக்கு வர வேறொரு தேதி. நடுவில் நாலு நாள், ஒரு வாரம், சில சமயம் அரை மாதம். அந்த நாள்களில் ஒரு குடும்பம் எங்கே படுக்கும், சாமான் எங்கே கிடக்கும் என்று எந்த ஒப்பந்தத்திலும் யாரும் எழுதுவதில்லை. சாமானை ஏற்றி முடித்து, "எங்கே இறக்கணும்?" என்று நான் கேட்கும்போது வீட்டுக்காரம்மா கணவர் முகத்தைப் பார்ப்பார், அவர் கைப்பேசியைப் பார்ப்பார்.

இதில் பெரும்பாலும் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்வதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வாடகை வீடுகளில் பல, வெளியூரில் இருப்பவர்களுடையவை. அப்பா அம்மா கஷ்டப்பட்டு வாங்கிய மலிவு விலை வீடு இங்கே இருக்கும். பிள்ளைகள் பினாங்கிலோ ஷா ஆலமிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பழைய வாடகைக்காரர் 31-ஆம் தேதி போனாலும் உரிமையாளர் சனி ஞாயிறில்தான் வர முடியும். வந்து பார்த்தால் கூரை ஒழுகும், குழாய் உடைந்திருக்கும், சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டியிருக்கும். சாயம் அடிக்கிறவர் ஈப்போவில் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருப்பார். "அடுத்த வாரம் வந்துடுங்க" என்று சொல்வது உங்களுக்குச் சாதாரணமான பேச்சு. அந்த அடுத்த வாரம் வரைக்கும் தங்க இடமில்லாதவர் அதைக் கேட்டு "சரிங்க" என்று மட்டும்தான் சொல்வார். வேறு ஏதாவது சொன்னால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

தோட்டத்திலிருந்து வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம். கமுனிங், எல்பில், ஹீவூட் என்று தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1990-ஆம் ஆண்டின் ஊழியர் குறைந்தபட்ச வீடமைப்பு, தங்குமிட, வசதிகள் தரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது வேலையில் இருக்கும்போது கிடைக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. 60 வயதில் ஓய்வு பெற்று வெளியேறுகிறவர்களில் பலர் அதற்கு முன் ஒரு நாளும் வாடகைக்கு வீடு பார்த்ததில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, லயத்தில் கல்யாணமாகி, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள். டெப்பாசிட் என்றால் என்ன, எத்தனை மாத நோட்டீஸ், கையெழுத்து எங்கே போடுவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. ஆபீசில் சொன்ன தேதிக்குச் சாமானைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள்.

இனி காசுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த நாள்களை இவ்வளவு கொடுமையாக்குவது அதுதான். மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத டெப்பாசிட் 1,200. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் 300. முதல் மாத வாடகை 600. சாவி வாங்குமுன் 2,100 வெள்ளி கையில் இருக்க வேண்டும். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து 1,700 வெள்ளி. அதாவது முழுச் சம்பளத்தையும் அப்படியே எடுத்து வைத்தாலும் 400 வெள்ளி பற்றாது. அவர்களுக்கும் பழைய வீட்டில் டெப்பாசிட் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது கடைசி பில் வந்த பிறகு, வீட்டைப் பார்த்த பிறகு, உரிமையாளர் ஊருக்கு வந்த பிறகுதான் திரும்பும். ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் பணம்தான் அடுத்த வீட்டின் சாவிக்குத் தேவைப்படும் பணம். இடையில் வட்டிக்கு வாங்குகிறார்கள், தாலிக்கொடியை அடகு வைக்கிறார்கள். என் லோரிக்குத் தரவேண்டிய கூலியையும் தவணை சொல்கிறார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை, அவர்கள் கூசிக்கொண்டு கேட்பதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். பாட்டி, மகள், மருமகன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். புது வீட்டுக்காரர் சாவியைப் பத்து நாள் தள்ளிப் போட்டார். சாமானை மூன்று இடத்தில் பிரித்து இறக்கினோம். கட்டிலும் அலமாரியும் மருமகனின் நண்பர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில், மேலே கென்வஸ் போட்டு. துணி மூட்டைகள் ஒரு உறவுக்காரர் வீட்டில். ஐஸ்பெட்டியை எதிர்வீட்டு அக்கா தன் சமையலறையில் வைக்க இடம் கொடுத்தார், ஆனால் சுவிட்ச் போட இடமில்லை. பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் மருந்தை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, பாட்டியின் பெயரை எழுதி, அந்த அக்காவின் ஐஸ்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தினமும் இரண்டு வேளை பாட்டி தெருவைக் கடந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, "அம்மா, உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அது மழைக்காலம். மத்தியானம் கொட்டுகிற மழையில் கென்வஸ் ஒரு பக்கம் கிழிந்து அலமாரியின் பலகை ஊதிப்போனது. கடைசியாகப் புது வீட்டில் இறக்கும்போது கதவு மூடவில்லை. மகள் எதுவும் பேசாமல் அந்தக் கதவைக் கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றார். அந்தப் பத்து நாளும் புது வீடு காலியாகத்தான் பூட்டிக் கிடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் விசாரித்துப் பார்த்தேன். 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 28-ஆவது பிரிவின்படி, வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால், அவர் வீட்டை ஒப்படைக்கும் வரை உரிமையாளர் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். கேட்பதும் கேட்காததும் உரிமையாளர் விருப்பம் என்றுதான் அந்தச் சட்டமே சொல்கிறது. இன்னொரு பக்கம், 1950-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின்படி (Specific Relief Act) நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியே தள்ள முடியாது. வீட்டு வாடகைக்கென்றே தனிச் சட்டம் வரும் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். வந்தால் நல்லது. ஆனால் நம் ஊரில் இந்த விவகாரத்துக்கு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. எத்தனையோ வீடுகளில் ஒப்பந்தப் பத்திரமே கிடையாது. வாடகை வாங்கியதற்கு 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். நம் ஆள்கள் மானத்துக்குப் பயந்து தேதிக்கு முதல் நாளே மூட்டை கட்டிவிடுவார்கள். அதனால்தான் சட்டத்தை விட்டுவிட்டு நேராக உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். "ஒரு வாரம்" என்று சொல்லி நாலு மாதம் வாடகை தராமல் இருந்தவர்களின் சாமானையும் நான் ஏற்றியிருக்கிறேன். கதவைப் பெயர்த்து எடுத்துப் போனவர்களையும் கண்டிருக்கிறேன். ஒருமுறை அப்படி அடிபட்ட உரிமையாளர் அடுத்தவரை நம்ப மாட்டார். ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டை விடும்போதே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: கடைசி மாதம் முடிந்த பிறகு இத்தனை நாள் வரை, நாள் கணக்கில் வாடகை. 600 வெள்ளி வீட்டுக்கு நாளுக்கு 20 வெள்ளி. பத்து நாள் என்றால் 200. அதை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். டெப்பாசிட் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சாயம் அடிப்பதற்காக வீடு எப்படியும் சும்மாக் கிடக்கப் போகிறதென்றால், அந்த நாள்களுக்கும் உங்களுக்கு வருமானம். இரட்டிப்பு மட்டும் கேட்காதீர்கள்.

டெப்பாசிட் கணக்கை, காலி செய்கிறவரிடம் சாவியைத் திரும்ப வாங்குகிற அன்றைக்கே முடித்துவிடுங்கள். வாடகைக்காரரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் மீட்டரையும் தெனாகா (மின்சார) மீட்டரையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். போன மாத பில்லில் இருக்கும் எண்ணையும் இன்றைய எண்ணையும் பார்த்தாலே எவ்வளவு வரும் என்று தெரிந்துவிடும். அதற்குமேல் கொஞ்சம் கூட்டிப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுங்கள். நேரில் வர முடியாவிட்டால் பேங்கில் போட ஒரு நிமிடம்தான். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பேர் வட்டிக்காரரிடம் போக மாட்டார்கள்.

புது வாடகைக்காரருக்குச் சாவியைத் தள்ளிப் போட வேண்டிய கட்டாயம் வந்தால், ஒரே ஓர் அறையையாவது திறந்து கொடுங்கள். சாமானை அங்கே அடுக்கிவிட்டால் ஆள்கள் உறவினர் வீட்டில் எப்படியாவது படுத்துக்கொள்வார்கள். சாயம் அடிக்கிறவருக்கு மற்ற அறைகள் போதும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் மண்டபம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், ஆள்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தப் பணத்தில்தான் வாங்கினார்கள். அவ்வளவு பெரிய காரியத்தை நான் இன்று உங்களிடம் கேட்கவில்லை. மண்டபத்தின் பின்னால் நாற்காலி அடுக்கும் ஸ்டோரில் மழை படாத ஒரு மூலை, ஒரு குடும்பத்தின் சாமானுக்கு ஒரு வாரம். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு சிறு கட்டணமும் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணம் இல்லாத நாள்களில் மருந்து வைக்க ஓர் ஐஸ்பெட்டிக்கு சுவிட்ச் போட்டுக் கொடுங்கள்.

வாடகைக்காரர்களும் உரிமையாளரிடம் உண்மைத் தேதியைச் சொல்லுங்கள். புது வீடு உறுதியாகுமுன் பழைய வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்காதீர்கள். தோட்டத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர்களின் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு முன்பே வீடு பார்க்கத் தொடங்குங்கள். அப்பா அம்மாவுக்கு அது தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவார்கள்.

கடைசியாக, வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களே. தீபாவளிக்கு எப்படியும் ஊருக்கு வருவீர்கள். அந்த இரண்டு மூன்று நாளில் ஒரு வேலை செய்துவிட்டுப் போங்கள். உங்கள் தெருவில் நம்பிக்கையான ஒருவரிடம், பக்கத்து வீட்டு அண்ணனோ சித்தியோ யாராக இருந்தாலும் சரி, ஒரு சாவியைக் கொடுத்து வையுங்கள். வீட்டைப் பார்த்து, மீட்டரைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பி, புது ஆள் வந்தால் திறந்துவிட அவருக்கு அனுமதி கொடுங்கள். அவருடைய போன் நம்பரை வாடகைக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் சாமானோடு நான் உங்கள் வாசலில் வந்து நின்றால் அவரைத்தான் கூப்பிடுவேன்.