மாரியில் கிடங்கு வெட்ட முடியாது: பறவைக் காய்ச்சலுக்கு இப்போதே இடம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பறவைக் காய்ச்சல் என்ற பேச்சு எழுந்தாலே கோழி சாப்பிடலாமா, முட்டை சாப்பிடலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளே வரை 70 பாகை செல்சியஸ் சூடேறினால் வைரஸ் செத்துவிடும். நம் குழம்புச் சட்டி அதைவிட அதிகமாகவே கொதிக்கிறது. அரைவேக்காட்டு முட்டையை விட்டுவிட்டால் போதும். மட்டக்களப்பு மாநகர சபையும் பிரதேச செயலகங்களும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நோய் வந்து கோழிகளை அழித்தால், அவற்றை எங்கே போடுவது?

வெளிநாட்டு நீர்ப்பறவைகள் வாவிக்கும் குளங்களுக்கும் ஐப்பசியில் வந்து பங்குனி வரை தங்குகின்றன. மாரி மழையும் அந்தக் காலத்தில்தான். அழித்த கோழிகளைப் புதைக்க, இந்தியாவின் வழிகாட்டி 2 மீற்றர் நீளம், அகலம், ஆழம் கொண்ட ஒரு கிடங்குக்கு ஏறத்தாழ 1800 கோழி என்று கணக்குச் சொல்கிறது. கிடங்கின் அடி நிலத்தடி நீருக்கு மேலே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி மணலில் மாரிக்குள் 2 மீற்றர் தோண்டிப் பாருங்கள், கிடங்கு கிணறாகிவிடும். வளவுக்கு வளவு குடிநீர்க் கிணறு இருக்கும் ஊரில் அதற்குள் ஆயிரம் கோழியைக் கொட்டிச் சுண்ணாம்பு தூவுவது இன்னொரு நோயை விதைக்கும் வேலை.

ஆகவே மேட்டு நிலம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில்தான் கிடைக்கும். அதற்கு அங்குள்ள மக்களின் சம்மதம் வேண்டும். நகரத்துக் குப்பையை எங்கள் ஊரில் கொட்டுவதா என்று அவர்கள் கேட்பது நியாயமே. நோய் வந்த இரவில் பொலிஸ் பாதுகாப்போடு லொறியைக் கொண்டுபோனால் பாதையை மறிப்பார்கள். கோடையில் கூட்டம் வைத்து, இடத்தைக் காட்டி, கிணறுகளிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து காட்டினால் பேசித் தீர்க்கலாம்.

பண்ணைகளுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கோழிகளை வெளியே எடுக்காமல் கொட்டிலுக்குள்ளேயே உரமாக்கலாம். 30 சென்ரிமீற்றர் தடிப்புக்கு உமியும் வைக்கோலும் பரப்பி, அதன்மேல் கோழிகளை ஒரே அடுக்காக, ஓரத்திலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி வைத்து, கொட்டில் தரையில் கிடக்கும் பழைய கூளத்தால் மூட வேண்டும். இப்படி அடுக்கடுக்காக ஐந்து அடி வரை உயர்த்தி, மேலே மறுபடி 30 சென்ரிமீற்றர் மூடாக்கு. குவியலின் உள்ளே 55 பாகைக்குக் குறையாமல் தொடர்ந்து 72 மணித்தியாலம் சூடு நிற்க வேண்டும். 14 நாளில் ஒருமுறை புரட்டி, இன்னும் 14 நாள் விட வேண்டும். நீளக் கம்பி வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கையை வைத்துப் பார்த்து “சூடாக இருக்கு” என்பது கணக்கில் சேராது.

இங்கே பிழை நேரும் இடம் உமிதான். அரிசி ஆலைகளில் மலைபோல் கிடக்கிறதே என்று வெறும் உமியால் மூடினால் குவியல் சூடேறாது. உமி தண்ணீரைப் பிடிக்காது, இலகுவில் உக்காது. எச்சம் கலந்த பழைய கூளமும் வைக்கோலும் பாதிக்குப் பாதியாவது சேர வேண்டும். ஒரு பிடி எடுத்துக் கையுறையோடு பிழிந்தால் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் நாறும், சூடு இறங்கும், அடியால் நீர் வடியும். கூரை ஒழுகும் கொட்டிலில் மாரிக்குள் இதைச் செய்ய முடியாது.

நகரத்துக்குள் நோயைப் பரப்புவது பெரும்பாலும் பண்ணையல்ல, உயிர்க்கோழிக் கடை. பல பண்ணைகளின் கோழியும் ஊர்க்கோழியும் தாராவும் ஒரே இடத்தில் சேர்கின்றன. தாரா நோய்க்குறி காட்டாமலேயே வைரஸை எச்சத்தில் கழிக்கும், பக்கத்துக் கூட்டுக் கோழி ஓரிரு நாளில் விழும். இறகு உரிக்கும் இயந்திரம் சுழலும்போது பறக்கும் ஈரத்துளிகளைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே வாங்குகிறார். 1997இல் ஹொங்கொங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தபோது உயிர்ச் சந்தைகளே மூலமென்று கண்டார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழித்தார்கள். பின்னர் தாராவையும் வாத்தையும் கோழியிலிருந்து பிரித்தார்கள். 2001இலிருந்து மாதத்தில் ஒரு நாள் எல்லாக் கடையும் காலியாகி, கழுவிக் காயவிட வேண்டும் என்றார்கள். 2008இலிருந்து இரவில் உயிர்க்கோழி வைக்கத் தடை. நமது சபைகள் இதில் இரண்டையாவது நாளையே செய்யலாம்: தாராவுக்குத் தனிக் கடை, மாதத்தில் ஒரு வெற்றுக் கூட்டு நாள். செலவு அதிகமில்லை, கடைக்காரரின் முணுமுணுப்பு மட்டும் இருக்கும்.

கழுவும் வேலையிலும் ஒரு வழக்கமான பிழை உண்டு. எச்சமும் இரத்தமும் ஒட்டியிருக்கும் கூட்டின்மேல் குளோரின் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும், வைரஸ் அப்படியே இருக்கும். முதலில் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து அலசி, பிறகுதான் குளோரின். 30 வீத பிளீச்சிங் தூள் என்றால் லீற்றருக்கு 30 கிராம் கரைத்தால் ஏறத்தாழ 1 வீதக் கரைசல் வரும். அரை மணித்தியாலம் ஈரமாக நிற்க வேண்டும். அன்றன்று கரைக்க வேண்டும், நேற்றையது வெறும் தண்ணீர். மரப் பெட்டியும் மூங்கில் கூடையும் எப்படித் தேய்த்தாலும் சுத்தமாகாது, எரியுங்கள். பிளாஸ்ரிக் பெட்டி போதும்.

அழிக்கும் நாளில் கத்தி வேண்டாம். இரத்தமும் இறகும் தெறித்தால் அதுவே பரவல். சில கோழி என்றால் கழுத்து முறித்தல், அதிகமென்றால் மூடிய கொள்கலனில் காபனீரொட்சைட்டு. வேலை செய்வோருக்கு என்-95 முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறை, முழு உடை, பூட்ஸ் வேண்டும். கழற்றும்போது மேல் கையுறை முதலில், முகமூடி கடைசியில், இடையிடையே கை கழுவ வேண்டும். நம்மூர் வெயிலில் அந்த உடையோடு நெடுநேரம் நிற்க முடியாது. மயக்கம் வரும் முன் முகமூடியைத்தான் இழுப்பார்கள். விடியற்காலையில் தொடங்கி ஆள் மாற்றி வேலை வாங்குங்கள். வேலை முடிந்து 10 நாளுக்கு அவர்களின் காய்ச்சலைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பார்க்க வேண்டும். இந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் குளிசை முன்கூட்டியே கையிருப்பில் இருக்க வேண்டும்.

நோய் கண்ட இடத்தைச் சுற்றி வரைபடத்தில் 3 கிலோமீற்றர், 10 கிலோமீற்றர் கட்டுப்பாட்டு வட்டம் போடுவது வழக்கம். இங்கே அந்த வட்டத்தில் பாதி வாவியும் கடலும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலான எழுவான்கரைக்குக் கோழி லொறி வந்துபோவது கல்லடிப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம், தெற்கே கல்முனை வீதி ஆகியவற்றால்தான். அந்த நான்கு இடத்திலும் ஆளும் சில்லுக் கழுவும் தொட்டியும் நின்றால் வட்டம் போட்டதைவிடப் பயன் அதிகம்.

நோயைச் சந்தேகித்தால் தொண்டையிலும் கழிவாயிலும் எடுத்த பஞ்சுக்குச்சிகள் ஐஸ் பெட்டியில், உறையாமல், அன்றே கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் புறப்பட வேண்டும். கோழிகளுக்கு வரும் வேறொரு நோயான இராணிக்கெட்டிலும் கொண்டை நீலமாகும், பச்சைக் கழிச்சல் போகும், திடீரெனச் சாகும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மீன் சந்தைப் பக்கம் காகங்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தாலும் தொடாமல் மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, பணம். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் விலங்குகளை அழிக்க அதிகாரம் தருகிறது. ஆனால் பதினைந்து ஊர்க்கோழி வளர்க்கும் பெண்ணுக்கு, அழித்த கையோடு எவ்வளவு காசு கிடைக்கும் என்று எந்த அறிவித்தலிலும் நாங்கள் காணவில்லை. உயிரோடு ஒப்படைத்த கோழிக்கு இவ்வளவு, தாராவுக்கு இவ்வளவு, செத்ததற்கு இல்லை என்ற விலைப்பட்டியல் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் முதல் கோழி செத்த இரவே மற்றவை உரப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் அடுத்த ஊர் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
கால்நடைச் சுகாதாரத்திலும் கோழி வளர்ப்பிலும் ஈடுபட்டுள்ள சிலர்,
மட்டக்களப்பு.