கடைகளில் ஆள் ஏன் நிலைப்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிக் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, வருகிறவர்களும் ஆறு மாதம் தாண்டுவதில்லை என்று முதலாளிகள் வருத்தப்பட்டதைத் தங்கள் நாளிதழில் படித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, எடுத்த எடுப்பிலேயே பெரிய சம்பளம் கேட்கிறார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் இந்த ஊரில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன். ஜவுளிக்கடை, இரும்புக்கடை, பலகாரம் போடும் வீடு, ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடுகிற பட்டறை என்று பல இடத்துப் பேரேடுகளைப் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தில் ஆள் ஏன் நிற்கிறது, ஏன் போகிறது என்பது பெரும்பாலும் அந்தப் பேரேட்டிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் சரக்கு அனுப்புகிறவருக்குச் சொன்ன கெடுவில் பணம் போய்விடும். போகாவிட்டால் அடுத்த பேல் வராது. கடை வாடகை தவறாது, வங்கித் தவணை தவறாது. சம்பளப் பற்று மட்டும் ஒரு மாதம் 5-ந் தேதி, ஒரு மாதம் 12-ந் தேதி, இன்னொரு மாதம் பாதி பாதியாக இரண்டு தடவை என்று கிடக்கும். வியாபாரம் மந்தமோ என்று திருப்பிப் பார்த்தால் அந்த வாரம் கல்லாவில் பணம் இருந்திருக்கிறது. வாய் திறந்து கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தள்ளிப்போகிறது. புதுவயலிலிருந்தும் கல்லலிலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகிற பெண்கள் பலருக்கு மகளிர் குழுக் கடனில் தவணை இருக்கிறது. அதற்குத் தேதி உண்டு. சம்பளம் ஒரு வாரம் தள்ளினால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கித்தான் கட்டுவார்கள். மூன்று மாதம் இப்படிப் போனால் நான்காம் மாதம் வேறு கடையில் நிற்பார்கள். இதைப் பொறுமை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது உட்காருவது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அவர்களை நிற்க வைக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்கினார்கள். நம் சட்டம் வந்த புதிதில், நான் கணக்குப் பார்த்த ஒரு ஜவுளிக்கடையில் ஸ்டூல் வாங்கிய பில் வந்தது. செலவில் எழுதும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது. அடுத்த தடவை போனபோது அந்த ஸ்டூல்களின் மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன். "உக்காந்தா முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு ஐயா. மேனேஜர் பாத்துக்கிட்டே இருப்பாரு. அந்தப் பார்வைக்கு நின்னுட்டுப் போயிரலாம்" என்றார். காலை 9 மணிக்கு நிற்க ஆரம்பித்தவர் இரவு கடை சாத்தும் வரை நிற்கிறார். நாற்பது வயதிலேயே முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துப்போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் எழுந்துகொள்ளத்தான் போகிறார்கள். ஒருவரும் இல்லாத பகல் 2 மணிக்கு அவர்கள் உட்கார்ந்திருந்தால் எந்தச் சேலை விற்காமல் போய்விடும்?

எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்ற ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனவர். அங்கே வட்டிக்குக் கடன் கொடுக்கிற லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தார். பெட்டியடிப் பையன் கடை கூட்டுவான், தண்ணீர் எடுத்து வைப்பான், பெரியவர்கள் ஏவிய வேலைக்கெல்லாம் ஓடுவான். ராத்திரியானால் அதே பையனை உட்கார வைத்து வட்டிக் கணக்குப் போடச் சொல்வார்கள். முந்திரி என்றால் 320-ல் ஒன்று, காணி என்றால் 80-ல் ஒன்று, மா என்றால் 20-ல் ஒன்று. இவற்றை மனதிலேயே கூட்டிப் பெருக்க வர வேண்டும். தப்பாகச் சொன்னால் திட்டு விழும், ஆனால் சொல்லிக் கொடுப்பது நிற்காது. அப்புறம் உதவிக்கு நிற்கிற அடுத்தாள், அதற்குப் பின் கடையையே நடத்துகிற மேலாள். மூன்று வருஷ வேலைக்கு ஒரு கணக்கு என்று பெயர். கணக்கு முடித்து ஊருக்கு வருகிற மேலாளுக்குச் சம்பளம் போக லாபத்திலும் ஒரு பங்கு வரும். அந்தப் பணத்தை முதலாகப் போட்டுச் சொந்தக் கடை வைத்தவர்கள் நிறைய. பழைய முதலாளியே முதல் கொடுத்துத் தூக்கிவிட்டதும் உண்டு. இன்று கடை கூட்டுகிற பையன் நாளைக்குக் கடை வைப்பான் என்பது சேர்க்கிறவருக்கும் தெரியும், சேருகிறவனுக்கும் தெரியும்.

இந்த முறையைப் பெருமையாக மட்டும் பேச எனக்கு மனமில்லை. அது சொந்தபந்தத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்த வழி. அதே முதலாளி வீட்டு வளவை, அதாவது முற்றத்தைக் கூட்டியவருக்கும், வண்டி ஓட்டியவருக்கும் அப்படியொரு வழி இருந்ததில்லை. கடைக்கு வெளியே கடன் வாங்க நின்ற பர்மிய விவசாயியின் கதை அதைவிட வேதனை. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் நம்மவர்களான செட்டியார் லேவாதேவிக்காரர் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடனைக் கட்ட முடியாமல் போனதில் 1938-ல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது எங்கள் ஐயாவும் மற்றவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். அந்த இழப்பைப் பற்றி எங்கள் வீடுகளில் இன்றும் பேசுகிறோம். அந்த விவசாயி இழந்த நிலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனாலும் அந்தக் கடைகளிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கீழே இருப்பவனின் ஆசையைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை. இன்று, "நானும் ஒரு நாள் சொந்தமாகத் தொழில் வைக்கணும்" என்று வேலைக்கு வந்தவர் சொன்னால் பல முதலாளிகளுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அன்றிலிருந்து அவரைக் கல்லாப் பக்கம் விட மாட்டார்கள், சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல மாட்டார்கள், வாடிக்கையாளரிடம் அவர் இரண்டு வார்த்தை கூடப் பேசினால் சந்தேகம் வரும். சரி, ஆசையே இல்லாத ஆள்தான் வேண்டுமா? அப்படிப்பட்டவரும் கிடைப்பார். அவர் செய்வதும் ஆசையில்லாத வேலையாகத்தான் இருக்கும்.

கோட்டையூர்ப் பக்கம் பலகாரம் போடுகிற ஆச்சி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கல்யாணச் சீருக்கும் தீபாவளிக்கும் தேன்குழல், அதிரசம், மாவுருண்டை, சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் போடுவார். அவரிடம் பாத்திரம் கழுவ ஒரு பெண் வந்தார். வேலை முடிந்தும் உடனே கிளம்ப மாட்டார், கைமுறுக்கு சுற்றுகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஆச்சி கவனித்துவிட்டு, "என்னத்தா பாக்குற, உக்காந்து சுத்து" என்று மாவைக் கையில் கொடுத்தார். கைமுறுக்கு லேசில் வருகிற வேலை இல்லை. மாவில் ஈரம் குறைந்தால் சுற்றும்போதே விண்டுபோகும், கூடினால் எண்ணெய் குடிக்கும். அந்தப் பெண் கெடுத்த மாவு எவ்வளவோ. அதை ஆச்சி சம்பளத்தில் பிடிக்கவில்லை. முறுக்கு பிடிபட்ட பிறகு அதிரசத்துக்குப் பாகு எடுக்கக் கற்றுக் கொடுத்தார். வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கிற அந்தப் பதம்தான் அந்தத் தொழிலில் பெரிய ரகசியம். பல பேர் மருமகளுக்குக்கூட அதைக் காட்ட மாட்டார்கள்.

சில வருஷம் போனது. அந்தப் பெண் தனியாகப் போட ஆசைப்படுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆச்சி கோபித்துக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்தேன். அவரோ ஓர் இருப்புச்சட்டியும், எண்ணெயிலிருந்து அரித்தெடுக்கிற ஜாரணியும் எடுத்துக் கொடுத்து, எண்ணெயையும் தன் கணக்கில் கடனுக்கு வாங்கித் தந்தார். பேரேட்டில் அந்தப் பெண் பெயருக்கு ஒரு பக்கம் திறக்கச் சொன்னார். அடுத்த தீபாவளியில் கைக்கு மீறி வந்த முறுக்கு ஆர்டரை அவரிடம் கொடுத்து வாங்கி அனுப்பினார். முன்பெல்லாம் அந்த மாதிரி ஆர்டரை முடியாது என்று திருப்பி அனுப்புவோம். இப்போது இரண்டு அடுப்படியிலும் வேலை நடக்கிறது. அவர் போன இடத்துக்கு ஆள் தேடவும் ஆச்சி அலையவில்லை. அந்தப் பெண்ணின் தெருவிலிருந்தே இரண்டு பேர் வந்து கேட்டார்கள். இன்னோர் இடத்தையும் எனக்குத் தெரியும். அங்கே மாவுச் சேர்மானத்தைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கலப்பார்கள். மகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார். இப்போது அங்கே அடுப்பு பற்றவைப்பதே இல்லை.

ஆத்தங்குடிப் பட்டறைகளிலும் இதேதான். கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, நிறம் ஒன்றோடொன்று கலக்காமல் அச்சைத் தூக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது. அப்புறம் காய்ந்த கலவையைத் தூவுவதும், மேலே ஈரக் கலவையை வைத்து அமுக்குவதும், தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவதும் பழகினால் வந்துவிடும். புதுப் பையனை மணல் சலிக்கவும் கல் தூக்கவுமே வருஷக்கணக்கில் வைத்திருந்தால் அவன் திருப்பூருக்குத்தான் பஸ் ஏறுவான். சீக்கிரமே அச்சைக் கையில் கொடுத்துப் பழக்கிய பட்டறையில் பழைய ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கூப்பிடுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இரும்புக்கடையில் மூட்டை இறக்குகிற பெரியவரை முதலாளி "அண்ணே" என்பார். படித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்த மகன், தன்னைத் தூக்கி வளர்த்த அதே பெரியவரை "யோவ்" என்று கூப்பிட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதத்தோடு நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்த சரக்கு இருப்பு அந்தக் கடையில் வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று எனக்கு ரொம்ப நாளாக மனதை உறுத்துவது. செட்டிநாடு கொடைக்குப் பேர்போன ஊர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்றைக்கும் வியாபாரத்தில் தர்மத்துக்கென்று மகமை எடுத்துவைத்துக் கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. நல்ல வழக்கம், தொடர வேண்டும். ஆனால் அப்படி எடுத்துவைக்கிற ஒரு கடையில், இருபது வருஷம் உழைத்தவரை ஒரு வேட்டி துண்டோடு அனுப்பியதைப் பார்த்தேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளம் 13,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 7,500. இருபது வருஷத்துக்கு 1,50,000 ரூபாய். இது அவருக்குச் சேர வேண்டிய பாக்கி. அதைக் கொடுக்காமல் அன்னதானம் போடுவதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முதலாளியிடம் இதே கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். "பாத்துக்கலாம்" என்றார். அதன்பின் அந்தக் கடைக்குக் கணக்கு எழுத நான் போகவில்லை.

வேலைக்குப் போகிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. விலகுவதென்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு விலகுங்கள். ஆடித் தள்ளுபடிக்கு முதல் நாள் போனை அணைத்துவிட்டுப் போனால், உங்களோடு நிற்கிற மற்றப் பெண்கள்தான் உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாளிகள் பக்கத்தைத் தங்கள் நிருபர் கேட்டு எழுதிவிட்டார். மற்றப் பக்கத்தையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கடைக்குள் போய்க் கேட்டால் பதில் வராது, மேனேஜர் பக்கத்திலேயே நிற்பார். கடைகள் சாத்துகிற நேரத்துக்குக் காரைக்குடி பஸ் நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்களிடம், இன்று எத்தனை நேரம் உட்கார்ந்தீர்கள், போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்ற இரண்டு கேள்வி கேட்டால் போதும். பெயரோ ஊரோ கடையோ போட வேண்டாம். வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
காரைக்குடி.