மறுபடி தென்னம்பிள்ளை வைக்கப்போகும் பேராவூரணி அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் சாய்த்துப்போட்ட தோப்பில், வருகிற தையில் மறுபடி பிள்ளை வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தக் கொல்லைப் பக்கமே நீங்கள் போகாதது தெரியும். இப்போது வைப்பதை வண்டு தின்றுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வேலை, தலை முறிந்து நிற்கும் மொட்டை மரங்களை அறுத்து அப்புறப்படுத்துவது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கிய கட்டையிலும் எருக்குழியிலும்தான். அங்கே வளர்ந்து பறந்து வந்து குருத்தைக் குடையும். விரியும் மட்டை கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தால் அதன் வேலை. பெரிய மரம் தாங்கும், பிள்ளை செத்துவிடும். எருக்குழியில், வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்துவிடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் வையுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்சட்டியில் வைத்தால், வாடைக்கு வந்து விழும் வண்டைப் பொறுக்கிக் கொன்றுவிடலாம்.

இடைவெளி 25 அடிக்குக் குறைய வேண்டாம். ஏக்கருக்கு எழுபது பிள்ளை போதும். நெருக்கி நட்டால் வெளிச்சத்துக்கு ஏங்கி ஒல்லியாக உயரும், காய்ப்பு குறையும். குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. இரண்டடி உயரத்துக்கு மேல்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, பிள்ளையை வைத்து, அது முளைத்த நெற்று (முற்றிய தேங்காய்) மறையும் அளவுக்கு மட்டும் மண் அணையுங்கள். கழுத்து புதைந்தால் அழுகும்.

முழுக்கக் குட்டை ரகமே வைக்காதீர்கள். மூன்று நான்கு வருஷத்தில் பாளை வரும், உண்மைதான். ஆனால் வறட்சி தாங்காது. நெட்டைக்கு ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை கையில் காசு புரள ஊடுபயிர்தான் வழி. பிள்ளையைச் சுற்றி நாலடி விட்டு உளுந்து, கடலை போடுங்கள். வாழை வைத்தால் அதற்கு எருவும் தண்ணீரும் தனியாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையின் பங்கை அது எடுத்துக்கொள்ளும்.

எப்படியும் சில பிள்ளை பட்டுப்போகும். புயலுக்குத் தப்பி வடக்கு மூலையில் நிற்கும் மரங்களில், வருஷம் நூறு காய்க்குக் குறையாதது எதுவென்று பார்த்து இப்போதே சுண்ணாம்பு தடவி வையுங்கள். அதன் நெற்றை நாற்றங்காலில் போட்டால் ஒரு வருஷத்தில் கன்று தயாராகிவிடும். பட்டுப்போன குழிக்கு அதையே வைக்கலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி